மெதுவாகப் பாடமாட்டேன்

என் ஒற்றைப் பிள்ளைக்கு,

நீ அனுப்பிய டிராக்கைக் கேட்டுவிட்டேன். முதலில் ஹெட்போனில் கேட்டேன். பிறகு உன் அப்பாவின் பழைய பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் போட்டுக் கேட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் டிரம்ஸ்காரன் ரோச் வீட்டுக்கு வந்தான், அவனுக்கும் போட்டுக் காட்டினேன். "எப்படிம்மா இருக்கு, சொல்லுங்க, சொல்லுங்க" என்று நீ கேட்டு ஒரு வாரமாகிறது. நான் பதில் போடவில்லை. அம்மா கோபமாக இருக்கிறாளா என்று உன் அப்பாவிடம் போனில் துப்பு விசாரித்திருக்கிறாய். ஆமாம், கோபம்தான். அதை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டி ஓடவிட்டுக் கேட்டு முடித்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ அந்த டிராக்கைக் கல்யாணத்துக்கென்று திறந்த வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கேட்கும்படி போட்டாய். உன் அத்தைமார் எல்லாரும் கண்ணீர் பொம்மையும் கைகூப்பும் போட்டுத் தள்ளினார்கள். ஆகவே பதிலையும் நான் அதே குழுவில்தான் போடப்போகிறேன். பெண் வீட்டார் வாசிப்பார்களே என்று பதறாதே. வாசிக்கத்தான் போடுகிறேன்.

நீ கேட்டது என்ன என்பதை மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் உன் கல்யாணம். சாயங்கால வரவேற்பில் நான் மேடையேறி, முன்னொரு காலத்தில் நான் பாடிய பாட்டைப் பாட வேண்டும். ஆனால் மெதுவாகப் பாட வேண்டும். "ரெண்டு சரணம் போதும்மா. சேர் போட்டு உக்காந்தே பாடலாம். பின்னாடி ஸ்கிரீன்ல உங்க பழைய போட்டோ எல்லாம் ஓடும். எல்லாரும் அழுதுருவாங்க பாருங்க" என்றாய். எல்லாரும் எதற்கு அழ வேண்டும்? யார் செத்துப்போனார்கள்? நான் நேற்றுக்கூட மார்க்கெட்டில் சீலா மீனுக்குச் சண்டை போட்டு வாங்கிவந்தேன். படத்தை வைத்துப் பாட்டுப் போட்டு அழுவதெல்லாம் நினைவுப் பூசைக்குச் செய்வது. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, அவசரப்படாதே.

டிராக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பியானோ வாசித்த பையன் நன்றாகத்தான் வாசித்திருக்கிறான். அவன்மேல் குற்றமில்லை. பின்னால் வயலின் இழைகிறது. அதற்கும் பின்னால் மழை பெய்கிற சத்தம். தூத்துக்குடிப் பாட்டில் மழைக்கு என்ன வேலை? நடுவில் கப்பல் ஊதுகிற இடத்தில் புல்லாங்குழலை வைத்திருக்கிறீர்கள். அங்கே நான் கத்துவேனே, அந்தக் கத்தலை எடுத்துவிட்டு "ம்ம்ம்" என்று முனகச் சொல்லியிருக்கிறீர்கள். கேட்டுவிட்டு உன் அப்பா சொன்னது இது: "நல்லாத்தாம்ளா இருக்கு. தூக்கம் வருது." ரோச் எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "ஏளா, நம்ம என்ன பாவம் செஞ்சோம்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

நாசரேத் பக்கத்துப் பெண் வீட்டுச் சொந்தங்களுக்கு எங்கள் கதை முழுசாகத் தெரிந்திருக்காது. உனக்கே தெரியுமா என்று எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள் நான்கு பேர். சேவியர் அண்ணன் கிட்டார். அவருடைய மாமா கொழும்புக்குச் சரக்குத் தோணியில் போய்வருகிறவர், எலக்ட்ரிக் கிட்டாரை அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்தார். ரோச் டிரம்ஸ். சாகுபுரம் ஆலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஞானம் பேஸ் கிட்டார், பாட்டு எழுதுவதும் அவன்தான். நான் பாடுகிறவள். துறைமுகத்தில் சரக்குக்கு வேண்டிய தாள்களைத் தயார் செய்கிற ஒரு கிளியரிங் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பேன். எங்கள் குழுவுக்கு 'பத்தாம் நம்பர் கூண்டு' என்று பெயர். துறைமுகத்தில் ஒன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றினால் எங்கள் ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மூன்றாம் நம்பர் ஏற்றினால் வலையைச் சுருட்டுவார்கள். பத்தாம் நம்பர் ஏற்றினால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். அந்த வயதில் வேறு எந்தப் பெயர் பிடிக்கும்?

ஞானம் எழுதிய பாட்டு 'நகரமாட்டேன்'. கடற்கரையில் நிற்கிற பெண்ணை ஆளாளுக்கு வந்து வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். அண்ணன் வருகிறான், போலீஸ்காரர் வருகிறார், கோயில் கமிட்டிக்காரர் வருகிறார். அவள் நகரமாட்டேன் என்கிறாள். கதை அவ்வளவுதான். 'நான் நின்ன இடம் நனைஞ்சாலும் நகரமாட்டேன், நீ நிக்கச் சொல்லி நிக்கலையே, நகரமாட்டேன்.' இதைத்தான் நீ மழையில் நனைந்துகொண்டே பியானோவோடு பாடச் சொல்கிறாய். அந்தப் பெண் கெஞ்சவில்லை. அவளுக்கு யார்மேலும் ஏக்கம் இல்லை. அவளை நாற்காலியில் உட்காரவைத்தால் பாட்டு அங்கேயே முடிந்துவிடும்.

அதைப் பதிவு செய்த கதையைக் கேள். எங்கள் கடற்கரைக் கத்தோலிக்க வீடுகளில் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் வந்துவிட்டால் கல்யாணம் கிடையாது, ரேடியோ செட் கிடையாது. உன் அப்பா மைக் செட்காரர். அந்த நாட்களில் அவருடைய சாமான்கள் எல்லாம் கடையில் சும்மா கிடக்கும், அவரும் சும்மா கிடப்பார். அதுதான் எங்களுக்கு வசதி. அதிலும் பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணியைக் கட்டிவிடுவார்கள். ஈஸ்டர் பூசை வரைக்கும் மரப்பலகையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கும். அதனால் நாங்கள் நான்கு அறிவாளிகளும், ஐந்தாவதாக உன் அப்பாவும் கூடிப் பேசி, பெரிய சனிக்கிழமை காலையில் பதிவு செய்வது என்று முடிவெடுத்தோம். மணியே ஊமையாக இருக்கிற நாளில் வேறு எது சத்தம் போடப்போகிறது என்பது எங்கள் கணக்கு. புது ஹார்பர் பக்கம் ரோச்சின் சித்தப்பா காவலுக்கு இருந்த காலிக் கிட்டங்கியில் எல்லாவற்றையும் இறக்கினோம். சரக்கு இல்லாத கிட்டங்கி, ஒரு தட்டுத் தட்டினால் சுவரெல்லாம் பேசும்.

பாட்டு பாதி போயிருக்கும். நகரமாட்டேன் என்று இழுத்துவிட்டு நான் மூச்செடுக்கிற இடம். அப்போது வெளியே கப்பல் ஊதியது. எங்கிருந்தோ வந்த பெரிய சரக்குக் கப்பல், நெஞ்சுக்கூடு அதிர்கிற மாதிரி ஊதியது. ஊர் முழுக்கப் பெரிய சனி என்பது எங்களுக்குத் தெரியும். கப்பலுக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்? இப்படி ஒரு தப்புக் கணக்கை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் போடமாட்டார்கள். சேவியர் அண்ணனின் முகம் செத்துவிட்டது. உன் அப்பாவின் கை ரெக்கார்டரின் பொத்தானுக்குப் போய்விட்டது. நான் அவரைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன். கை அப்படியே நின்றது. அந்த முறைப்பில்தான் கல்யாணத்தையே முடிவு செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். ரோச் தாளத்தை விடவில்லை. கப்பலும் விடவில்லை. எனக்கு என்ன வந்ததோ, கதவுப் பக்கம் திரும்பி, "ஊதுலே! நல்லா ஊது!" என்று கத்தினேன். அது ஊதி முடித்ததும் அடுத்த வரியைப் பிடித்தேன். எல்லாரும் என்னோடு சேர்ந்து வந்து விழுந்தார்கள்.

பிறகு மறுபடியும் சுத்தமாக வாசித்தோம். கப்பல் இல்லை, கத்தல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டையும் போட்டுக் கேட்டபோது கப்பல் ஊதியதைத் தூரப் போடச் சொன்னார் சேவியர் அண்ணன். உன் அப்பா, "அண்ணே, இதுலதாம்ணே ஆளு இருக்கு" என்றார். பாட்டைப் பற்றி யாரும் அதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. நான் அவரைக் கட்டிக்கொண்டதற்கு உண்மையான காரணம் அந்த ஒரு வார்த்தைதான். முறைப்பு என்பதெல்லாம் அவர் சொல்கிற கதை.

அது எப்படி ஓடியது என்பதை உனக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். விளம்பரம் கிடையாது. கேசட் கடைகளில் கேட்டவர்களுக்குப் பதிந்து கொடுத்தார்கள். ஈஸ்டர் முடிந்து கல்யாணங்கள் தொடங்கியதும் மைக் செட்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் போட்டார்கள். மினி பஸ்ஸில் ஓடியது, எட்டயபுரம் தாண்டி, கயத்தாறு தாண்டி ஓடியது. தோணிக்காரர்கள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் கொண்டுபோனார்கள். "உள்ள நகருங்க, உள்ள நகருங்க" என்று கண்டக்டர் கத்தினால் பஸ் முழுக்க "நகரமாட்டேன்" என்று பாடும். கப்பல் ஊதுகிற இடம் வந்தால் ஆண்கள் கையைக் குவித்து வாயில் வைத்து ஊதுவார்கள், பெண்கள் "ஊதுலே!" என்று கத்துவார்கள். வாயைத் திறந்து ஓர் ஆணைப் பார்த்து 'லே' போட வாய்ப்பே கிடைக்காதவர்களுக்கு அது ஒரு திருநாள் மாதிரி இருந்தது. பெரிய சனியன்று பதிந்தது என்று தெரிந்ததும் கோயில் கமிட்டி எங்களைக் கூப்பிட்டு விசாரித்தது. இனிமேல் இந்தக் கோயில் திருவிழாவில் நீங்கள் மேடையேற முடியாது என்றார்கள். நாங்கள் சரி என்று வந்துவிட்டோம். அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு எங்களைப் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அதே கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்து, "பழசெல்லாம் மனசுல வைக்காதளா" என்று காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு சென்னையிலிருந்து ஒரு கேசட் கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. நல்ல ஸ்டூடியோ, குளிர்சாதன அறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சினியர். வேறு பாட்டுகளை வாசித்துக் காட்டினோம். "எல்லாம் சரி, கப்பல் எங்கே?" என்றார்கள். கப்பல் இல்லாமல் உங்களை யாருக்கும் தெரியாது என்றார்கள். நாங்களும் நம்பினோம். கீபோர்டில் ஒரு கப்பலை ஊதவைத்து, நான் சரியான நேரத்துக்குச் சரியான உயரத்தில் "ஊதுலே" என்று கத்தி ஒரு பாட்டுப் போட்டோம். படுத்துவிட்டது. படுக்கத்தான் செய்யும். ஊதப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு கத்தினால் அதில் என்ன இருக்கிறது? பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார்கள், பையன்கள் வேண்டாம் என்றார்கள். போனேன். பெரிய பெரிய பாடகிகளுக்குப் பின்னால் நின்று 'ஆ' என்றும் 'ஓ' என்றும் பாடினேன். கொஞ்ச நாளில் எனக்கே கொட்டாவி வந்தது. முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனில் ரோச்சும் உன் அப்பாவும் நின்றிருந்தார்கள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. நேராக எண்ணெய் பரோட்டா சாப்பிடப் போனோம்.

ஆக, ஊர் சொல்கிற கதை என்னவென்றால், எங்களுக்கு ஒரே ஒரு பாட்டு, அதுவும் தற்செயலாகக் கப்பல் ஊதியதால் வந்தது. போன வருஷம் ஒரு இணையப் பத்திரிகைக்காரத் தம்பி வந்து பேட்டி எடுத்து, எங்களை ஒரே பாட்டோடு மறைந்துபோனவர்கள் என்று எழுதியிருந்தான். முத்துக் குளிப்போடு வேறு ஒப்பிட்டிருந்தான். கடல் என்றைக்கோ ஒருநாள் முத்தைக் கொடுத்துவிட்டு மௌனமாகிவிட்டதாம். தூத்துக்குடி என்றால் உடனே எல்லாருக்கும் முத்து வந்துவிடும். நீ அந்தக் கட்டுரையை எல்லாருக்கும் அனுப்பினாய், பெருமையாக. பெருமைதான், எனக்குத் தெரியும். ஆனால் அதே நாளில் என்னிடம் போனில் நீ கேட்டதும் எனக்கு மறக்கவில்லை. "அந்தக் கப்பல் மட்டும் அன்னைக்கு ஊதலைன்னா என்னம்மா ஆயிருக்கும்?" என்றாய். அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். அந்தக் கப்பல் அன்றைக்கு இந்த ஊரில் இருந்த எல்லாருக்கும்தான் ஊதியது. கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஊதியது கப்பல்தான், ஒத்துக்கொள்கிறேன். நிறுத்தாமல் வாசித்தவர்கள் நாங்கள். தற்செயல் என்று சொல்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்லுவதே இல்லை.

மறைந்தும் போகவில்லை. நீ பிறந்தாய், வளர்ந்தாய், ஹாஸ்டலுக்குப் போனாய், சென்னைக்குப் போனாய். அத்தனை காலமும் நாங்கள் வாசித்துக்கொண்டுதான் இருந்தோம். மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் கல்யாணங்களுக்கு வாசித்தோம். புதுப் பாட்டு ஒன்றை எடுத்தால் மரியாதைக்குக் கேட்பார்கள், இரண்டாவது சரணத்தில் பின்னாலிருந்து ஒருத்தர், "அக்கா, நகரமாட்டேனைப் போடுங்க" என்பார். போடுவோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் மேடையிலிருந்து இறங்கி ஓரமாக நின்று அழுதிருக்கிறேன். ஆனால் அடுத்த வாரம் இன்னொரு புதுப் பாட்டோடு போய் நின்றோம். ஓடிய பாட்டு ஒன்றுதான். ஓடாத பாட்டும் பாட்டுதான். எங்கள் வீட்டுக்கு எத்தனை பாட்டு என்பதை வெளியிலிருந்து எண்ணுகிறவர்கள் சொல்ல முடியாது.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். போன சனிக்கிழமை ஷீபா இங்கே வந்திருந்தாள். சேலை எடுக்க அவள் அம்மாவோடு தூத்துக்குடி வந்தவள், அம்மாவைக் கடையில் விட்டுவிட்டுத் தனியாக என்னைப் பார்க்க வந்தாள். அடுப்படியில் வந்து நின்று வெங்காயம் உரித்துத் தந்தாள். நீ கட்டிக்கப்போகிறவளுக்கு நேராகக் கேட்கிற பழக்கம் இருக்கிறது, அதைப் பத்திரமாக வைத்துக்கொள். "அத்தை, அதுக்கப்புறம் ஏன் நீங்க பாடலை?" என்றாள்.

"பாடலைன்னு யாரு சொன்னா?"

"அவங்கதான் சொன்னாங்க. அம்மா பாட்டை விட்டுட்டாங்க, இப்பம் கேட்டா மனசு கஷ்டப்படுவாங்கன்னு."

எனக்கு அரிவாள்மனையில் விரல் போகப் பார்த்தது. நான் எப்போதடா விட்டேன்? சேவியர் அண்ணனின் ஐஸ் பேக்டரி மாடியில் வாரா வாரம் நாங்கள் கூடுவது உனக்குத் தெரியும். பழைய சிநேகிதர்கள் சேர்ந்து டீ குடிக்கிறார்கள் என்று நீயாக நினைத்துக்கொண்டாய். ஒருநாளாவது என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாயா? ஷீபாவிடம் நான் ஒன்றும் விளக்கவில்லை. வெங்காயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, மேசையில் கையால் தாளம் போட்டு, ஞானம் போன வருஷம் எழுதிய பாட்டைப் பாடிக்காட்டினேன். உப்பைப் பற்றிய பாட்டு. 'வெள்ளையா இருந்தா சாதுவா? வாயில போட்டுப் பாரு.' முடித்ததும் அந்தப் பிள்ளை, நல்லாயிருக்கு என்றோ சூப்பர் என்றோ சொல்லவில்லை. "திரும்பப் பாடுங்க அத்தை" என்றாள். திரும்பப் பாடினேன். இரண்டாம் தடவை அவளும் மேசையைத் தட்டினாள். தாளம் கொஞ்சம் முன்னால் ஓடுகிறது, பரவாயில்லை, சரிசெய்துவிடலாம்.

பிறகுதான் டிராக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. மெதுவான பாட்டு யாருடைய யோசனை என்று கேட்டேன். "அவங்கதான். எங்கப்பா ஹெட்மாஸ்டரா இருந்தவங்க, எங்க வீட்டுல எல்லாம் கீர்த்தனை, பாமாலைன்னு இருக்கவங்க, சத்தமாப் பாடினா ஒரு மாதிரி நினைப்பாங்கன்னு பயப்படுதாங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எங்கப்பா டீச்சர் டிரெயினிங் படிக்கும்போது பஸ்ல கையைக் குவிச்சுக் கப்பல் ஊதுனவங்கதான் அத்தை. இப்பமும் ஊதுவாங்க. பல்செட்டுதான் கழண்டு வந்துருது." சம்பந்தி சாரை நான் மேடைக்கு இழுத்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் பெண்ணேதான் காட்டிக்கொடுத்தாள், சார்.

ஆக, மகனே, உன் பயம் யாரைப் பற்றி? அவர்களைப் பற்றி இல்லை என்று தெரிந்துவிட்டது. என்னைப் பற்றித்தான். உன் அம்மா எழுந்து நின்று கத்தினால், இந்த வயதில் குரல் பிசிறிவிட்டால், யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயம். என்னைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாரையும் அழவைக்கப் பார்த்தாய். உன் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிரிப்புக்கு நான் பயப்படுகிறவள் இல்லை. என் குரல் பிசிறும். பிசிறட்டும். இருபது வயதிலும் பிசிறியது, அப்போது அதைச் சுதி என்றார்கள். பரிதாபம்தான் எனக்கு ஆகாது. சிரிக்கிறவனைப் பார்த்து நான் திரும்ப முறைக்கலாம். பரிதாபப்படுகிறவனை என்ன செய்ய முடியும்? கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

கல்யாணம் கட்டிக்கொள்ளப்போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்லாமல் விட்டால் நன்றாயிருக்காது, ஆகையால் சொல்கிறேன். ஒருத்தர்மேல் ஆசை வைத்தால் அவர்களை மெதுவாக்கப் பார்க்காதே. ஷீபாவின் தாளம் முன்னால் ஓடுகிறது என்றேன் இல்லையா, நாளைக்கு அவள் பேச்சும் முன்னால் ஓடும், கோபமும் முன்னால் ஓடும். உன் சிநேகிதர்கள் முன்னால் அவள் ஏதாவது பட்டென்று சொல்லிவிடுவாள். அந்த நேரத்தில் உனக்குப் புல்லாங்குழல் வைக்கத் தோன்றும். வைக்காதே. உன் அப்பா அந்தப் பொத்தானிலிருந்து கையை எடுத்தவர், இத்தனை வருஷத்தில் மறுபடியும் கொண்டுபோகவில்லை. எனக்கு அவரிடம் ஆயிரம் குறை உண்டு, குளியலறை விளக்கை ஒருநாளும் அணைத்ததில்லை. ஆனால் என்னை ஒருநாளும் பாதியில் நிறுத்தியதில்லை. அந்தக் கை எப்படி நின்றது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள். எனக்குத் தெரியாது, நான் முறைத்தவள்தான்.

அதோடு, சொந்த வாழ்க்கையில் எதிர்பாராத ஒன்று நடுவில் புகுந்து நாசம் செய்யும்போது நிறுத்திவிட்டு முதலிலிருந்து சுத்தமாகத் தொடங்கலாம் என்று நினைக்காதே. சுத்தமான பிரதி எங்களிடமும் ஒன்று இருந்தது. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை. உன் வேலை பறிபோன வருஷத்தில் எங்களிடம் சொல்லாமல் மறைத்து, தினமும் ஆபீஸ் போகிற மாதிரி போனில் பேசினாயே, அப்போதும் இதைத்தான் செய்தாய். எல்லாம் சரியான பிறகு சரியான செய்தியாகச் சொல்லலாம் என்று காத்திருந்தாய். அந்தச் சங்கடத்தின் நடுவிலேயே எங்களைக் கூப்பிட்டிருந்தால் நானும் உன்னோடு சேர்ந்து நாலு கத்து கத்தியிருப்பேன்.

சரி, வரவேற்புக்கு வருகிறேன். முடிவாகச் சொல்கிறேன், உனக்கு இரண்டு வழிதான். ஒன்று, நான் மாப்பிள்ளைக்கு அம்மாவாக மட்டும் வருகிறேன். பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர்களை வாங்க வாங்க என்று சொல்லி, பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு, உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன். சத்தியமாகச் சந்தோஷமாக இருப்பேன். அப்படியானால் திரையில் என் படமும் வேண்டாம், டிராக்கும் வேண்டாம்.

இல்லையென்றால், நாங்கள் நான்கு பேரும் வருகிறோம். ரோச்சுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மேடைக்குச் சாய்வுப் பலகை போடச் சொல். சேவியர் அண்ணனுக்குக் கண்ணாடி போட்டால்தான் கிட்டார் தெரியும், ஞானத்துக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தம் கூடத்தான் இருக்கும். நின்றுகொண்டுதான் பாடுவேன். முதலில் உப்புப் பாட்டு. அது முடிந்ததும் அதேபோல யாரும் கேட்டிராத இன்னொன்று. கூட்டம் எழுந்து பழைய பாட்டைக் கேட்டுக் கத்தும், எனக்குத் தெரியும். உன் அத்தைமார்தான் முதலில் கத்துவார்கள். கத்தட்டும். அன்றைக்கு அதைப் பாடுவதாக இல்லை. எங்களுக்கு ஒரு பாட்டுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிற என் பிள்ளை, தன் கல்யாணத்தன்றைக்காவது மற்றதைக் கேட்கட்டும்.

எது வேண்டும் என்று நாளை மதியத்துக்குள் இந்தக் குழுவிலேயே எல்லாரும் பார்க்கும்படி சொல்லிவிடு. இரண்டாவது என்றால் மண்டபக்காரரிடம் பேசி ஜெனரேட்டரைப் பெரிதாகப் பிடி.

உன் அம்மா,
'பத்தாம் நம்பர் கூண்டு' பாடகி